ஹவுஸை விடுங்க, வில்சனைப் பாருங்க

எந்த ஹாஸ்டலிலும் ஒரு ரூம் எப்போதும் திறந்தே இருக்கும். அரியர் விழுந்தவன், லவ்வில் அடி வாங்கினவன், வீட்டில் பணப் பிரச்சினை உள்ளவன் எல்லாரும் ராத்திரி அங்கேதான் வந்து உட்காருவாங்க. எங்க பிளாக்கில் அது என் ரூம். அதனாலோ என்னவோ, 'ஹவுஸ்' சீரியல் பார்க்கும்போது எல்லாரும் டாக்டர் ஹவுஸை ரசிக்க, எனக்கு மட்டும் கண் வில்சன் மேலேயே போனது.

2004 முதல் 2012 வரை எட்டு சீசன், 177 எபிசோட். ஹியூ லாரி நடித்த ஹவுஸின் வலி ஊருக்கே தெரியும். கைத்தடி, வலி மாத்திரை, வாயைத் திறந்தால் திட்டு. ராபர்ட் ஷான் லியோனார்ட் நடித்த ஜேம்ஸ் வில்சன் அப்படி இல்லை. புற்றுநோய்ப் பிரிவின் தலைவர். டை கட்டிய, பொறுமையாகப் பேசுகிற மனிதர். அவரைப் பற்றி யாருக்குமே கவலை வராது.

மூன்றாவது சீசன் முடியப்போகும் நேரத்தில் ஒரு எபிசோட். ஹவுஸுக்கே தெரியாமல் அவர் காபியில் மனச்சோர்வுக்கான மருந்தைக் கலந்து கொடுக்கிறார் வில்சன். அதே எபிசோடில்தான் இன்னொன்றும் வெளியே வருகிறது. அந்த மாதிரி மருந்தை வில்சனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! உயிர் நண்பனிடம்கூடச் சொன்னதில்லை. காட்சி என்னவோ காமெடி மாதிரி போய்விடும். நான் பாஸ் பண்ணிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதுக்கப்புறம் யோசிச்சா எல்லாம் புரியுது. படிக்கிற காலத்தில் கூடப்பிறந்த டேனியின் போனை ஒருநாள் பாதியில் வைத்துவிடுகிறார் வில்சன். மனநோயோடு போராடிய டேனி காணாமல் போகிறான். அந்தக் குற்ற உணர்வு வில்சனை விடவே இல்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் அவரால் 'முடியாது' என்று சொல்ல முடியவில்லை. மூன்று கல்யாணம் உடைகிறது. ஒரு நோயாளியின் வீட்டிலேயே போய்த் தங்குகிறார். இன்னொருவருக்குக் கல்லீரலில் ஒரு பகுதியையே கொடுக்கிறார்.

இதைத்தான் 'கோடிபெண்டன்சி' என்கிறார்கள். அமெரிக்காவில் குடிநோயாளிகளின் குடும்பங்களைக் கவனித்தவர்களிடமிருந்து வந்த சொல். அடுத்தவனுக்குத் தேவைப்படுவதே நம்ம வாழ்க்கைக்கு அர்த்தம் ஆகிவிடும் நிலை.

"நல்ல நண்பன்னா அப்படித்தானே இருப்பான்?" என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். போன செமஸ்டர் லீவில் பிளாக்கே காலி. என்னைத் தேடி யாரும் வரல. ரெண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே தோணல, மெஸ்ஸுக்கும் போகல. யாருக்கும் நான் தேவைப்படாத நாளில் நான் யார்னே எனக்குத் தெரியல.

கடைசி எபிசோடில் ஹவுஸ் தன் வேலை, பெயர், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வில்சனோடு பைக்கில் கிளம்புகிறார். அழகான முடிவுதான். ஆனா அதுக்கு வில்சனுக்கு கேன்சர் வந்து, ஐந்து மாதம்தான்னு ஆக வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த ரூம்மேட் "நீ எப்படிடா இருக்க?"ன்னான். பழக்க தோஷத்தில் "சூப்பர்டா"ன்னேன். ராத்திரி ஒரு மணிக்கு அவனை எழுப்பி உண்மையைச் சொன்னேன். மறுநாள் கவுன்சலரிடம் அவனே கூட வந்தான்.

உங்க பிளாக்கிலும் ஒரு வில்சன் இருப்பான். இன்னைக்கு அவன் ரூமுக்குப் போங்க. உங்க கதையைச் சொல்லாதீங்க, அவன் கதையைக் கேளுங்க. முதல் தடவை "சூப்பர்"னுதான் சொல்லுவான். இன்னொரு தடவை கேளுங்க.