சுமத்ராக் காற்று

விடுமுறைக்கு ஜாசின் பக்கமுள்ள எங்கள் தோட்டத்து வீட்டிற்குப் போயிருந்தேன். இரவு, மேற்கே மின்னியதைப் பார்த்த பாட்டி, "விடியறதுக்குள்ள காத்து அடிக்கும், துணிய எடுத்து வைடா" என்றார். நான் சிரித்தேன்.

அதிகாலை நான்கு மணி இருக்கும். திடீரென்று குளிர்காற்று சன்னலை அறைந்தது. மின்சாரம் போனது. கூரைத் தகரம் படபடத்தது. பிறகு ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும் சத்தம்! அலமாரி மேலிருந்த சான்றிதழ்க் கோப்பை எடுக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மறுகணம் அலமாரிமேல் ஒரு சட்டம் முறிந்து விழுந்தது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகங்கள், வரிசையாகக் கிழக்கே நகர்ந்து விடியற்காலையில் நம் மேற்குக் கரையைத் தாக்கும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 2001 டிசம்பர் 27இல் ஜொகூரில் கரையேறிய 'வாமெய்'தான் புயல். இதற்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. இதையெல்லாம் எஸ்.டி.பி.எம். புவியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். பாட்டி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

விடிந்ததும் எண்ணினோம். ஏழு தகரங்களைக் காணவில்லை. கோப்பு ஊறிப்போயிருந்தது. அம்மா கயிறு கட்டி ஒவ்வொரு தாளாகக் காயப் போட்டார். எஸ்.பி.எம். சான்றிதழில் என் பெயர் மட்டும் தப்பியிருந்தது. பிரட்டுக்குப் போகவேண்டிய அப்பா, செம்பனைக் காட்டில் தேடி ஐந்து தகரங்களை இழுத்து வந்தார். வளைந்த ஆணிகளைக் கல்லின்மேல் வைத்து நிமிர்த்திக் கொடுத்தேன். மூன்றாவது தகரத்தை அடிக்கும்போது மீண்டும் தூறல் போட்டது. பாட்டி மேற்கே பார்த்து, "இது சும்மா மழதான், அடி" என்றார். அப்பா அடித்தார்.