தென்கடலிலிருந்து ஒரு பை மட்டி

‘கடல் ஏஞ்சல் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்த்து விற்றால் நல்ல காசு பார்க்கலாம் என்கிறார்கள். விவசாயத்தோடு சேர்த்துச் செய்யலாமா? அதற்கு என்ன தீனி போட வேண்டும்?’ என்ற கேள்வி வாசகர்களிடமிருந்து அவ்வப்போது வருகிறது. பரமக்குடிப் பக்கத்தில் முண்டு மிளகாய் போடும் ஒரு குடும்பம் இதற்குக் காசு கொடுத்தே பதில் கண்டுபிடித்திருக்கிறது.

வீட்டுக்காரருக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி. ஒரே மகன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். சென்னைக்குப் போனபோது கொளத்தூர் மீன் சந்தையைச் சுற்றிப் பார்த்தவனுக்கு வண்ணமீன் ஆசை பிடித்துக்கொண்டது. கொளத்தூரில் ‘ஏஞ்சல்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது அமேசான் ஆற்றைச் சேர்ந்த நன்னீர் மீன். அது நம்மூர்த் தண்ணீரிலேயே வளரும், இலையில் முட்டையிட்டு குஞ்சும் பொரிக்கும். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. பையன் மனதைப் பறித்தது அந்த மீன் இல்லை. வேறொரு கடையில் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நின்ற ரீகல் ஏஞ்சல். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கரை போட்ட நீல வெள்ளைப் பட்டைகள், வால் முழுக்க மஞ்சள். மாலத்தீவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். விலை 9,000 ரூபாய்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடல் ஏஞ்சல்களுக்குச் செவுள் மூடியின் அடியில் பின்னோக்கி நீட்டிய முள் ஒன்று இருக்கும். வலையில் மாட்டினால் முதலில் சிக்குவது அந்த முள்தான். வெறும் கையால் பிடிப்பவரைக் குத்தியும் விடும்.

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. ஏறக்குறைய 550 லிட்டர். அதற்குத் தனி உப்பு மாவு 19 கிலோ. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. எல்லாம் சேர்ந்து அந்த வருட மிளகாய்ப் பணத்தில் நல்ல பங்கு போய்விட்டது. தொட்டி வைத்த மூன்றாம் வாரமே மீனையும் விட்டார்கள். கூடவே இரண்டு கோமாளி மீன், நாலைந்து துடுக்கான நீல மீன். மிதக்கும் தூள் தீனியைத் தூவினால் மற்ற மீன்கள் பாய்ந்து தின்றன. ரீகல் மட்டும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. பத்து நாளில் வயிறு உள்வாங்கியது, கண்ணுக்கு மேல் குழி விழுந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் மேலே மிதந்தது.

“பட்டினி போட்டே கொன்னுட்டமேடா” என்றார் அப்பா. கன்றுக்குட்டி செத்தது போல அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாசி மாதம், மிளகாய்ப் பழம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த நேரம். அதற்குள் மகன் இன்னொரு மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தான். “இதுவும் போச்சுன்னா தொட்டியக் கோழிக்குக் கூண்டாக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டு, அப்பாவே அவனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பஸ் ஏறினார். கடலைத் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடுவோம் என்பது அவர் கணக்கு.

பரமக்குடியிலிருந்து மண்டபம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரம் வரை கருவேலமும் கண்மாய்க் கரைகளும்தான். உச்சிப்புளி தாண்டினால் மண் வெளுத்து மணலாகிறது, தென்னையும் பனையும் நெருக்கமாகின்றன. மண்டபத்தில் நிலம் ஒரு நாக்கு மாதிரி ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாகக் கிடக்கும். கச்சான் காற்றில் இது தலைகீழ். அன்று இரண்டுமே கண்ணாடி போல இருந்தன.

தென்கடலில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ல் இது தேசியப் பூங்கா ஆனது. ரீகலின் பெரிய சொந்தக்காரரான பேரரசன் ஏஞ்சல் இந்தப் பாறைகளில் வாழ்கிறது. அதன் குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர்ந்தால் மஞ்சளும் நீலமுமாகப் படுக்கைக் கோடுகள். இரண்டும் ஒரே மீன் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்க அனுமதி இல்லை. பவளத்தை, அது செத்த கல்லாக இருந்தாலும், எடுத்து வந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ‘உயிருள்ள பாறை’ என்று யாராவது தொட்டிக்குக் கல் விற்க வந்தால் வாங்கவே கூடாது.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு ஒரு காலத்தில் தலைமையகமே இந்த ஊர்தான். 1971-ல்தான் அது கொச்சிக்குப் போனது. இங்கே மீன் காட்சித் தொட்டிகளும் இருக்கின்றன. அப்பாவும் மகனும் அங்கே மீனுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். தம்பி தன் தொட்டியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான்.

முதல் தவறு தண்ணீரில் என்றார் அவர். தண்ணீர் வற்ற வற்ற உப்புத்தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறான் பையன். “உப்பளம் பாத்திருக்கீங்கல்ல? ஆவியாப் போறது தண்ணிதான். உப்பு பாத்தியிலேயே நிக்கும்.” வற்றியதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத்தண்ணீர், பழையதை வெளியே எடுத்துப் புதிதாக மாற்றும்போது மட்டும். இது அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது. போர் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி வெளுத்துப்போன கொல்லை ஒன்று அவரிடமே இருக்கிறது. தொட்டிக்கு அந்தப் போர் தண்ணீரும் ஆகாது. வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, உப்பு அளவு 33 முதல் 35-க்குள்ளும், வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள்ளும் நிற்க வேண்டும். நம்மூர்க் கோடையில் இந்த வெப்பத்தில் நிறுத்தக் குளிரூட்டி இல்லாமல் முடியாது. கரன்ட் போனால் காற்றுக் குமிழி நிற்காமலிருக்க பேட்டரி மோட்டாரும் வேண்டும். செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான்.

இரண்டாவது தவறு அவசரம். புதுத் தொட்டி புது எருக்குழி மாதிரி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று, விஷம் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சாதாரண மீனுக்கு அது போதும். ரீகலுக்குப் போதாது. கற்களில் பாசியும் சிறு உயிர்களும் படர்ந்து, நாள் முழுக்கக் கொத்தித் திரிய மேய்ச்சல் இருக்கிற தொட்டியாக அது முதிர வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும். பவளக் கல்லைத் தொடாமல், சுட்ட மண்ணையும் செராமிக் கல்லையும் அடுக்கித்தான் இந்த மேய்ச்சலை உண்டாக்க வேண்டும் என்பதால் இன்னும் கூடுதல் பொறுமை தேவை.

மூன்றாவதுதான் தீனி. ரீகல் கடலில் தின்பது கடற்பஞ்சும், பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடல் உயிர்களும். மேலே மிதக்கும் தூள் அதற்குத் தீனியாகவே தெரியாது. ஆட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் ஒரு கோப்பைக் காப்பித்தூளை வைத்த கதைதான். அதனால் அது கொத்திப் பழகிய மாதிரியே தீனி கல்லில் ஒட்டியிருக்க வேண்டும். உயிருள்ள மட்டியைப் பிளந்து, சதையோடு ஓட்டைக் கல்லிடுக்கில் செருகி வைப்பது உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் செய்யும் வழி. வந்த அன்று விளக்கைக் குறைத்து, தீனி வைக்காமல் விட்டுவிட வேண்டும். மறுநாளிலிருந்து மட்டி. தின்னாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மட்டியில் வாய் வைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதன் பிறகு பொடியாக நறுக்கிய இறால், மட்டிச் சதை, பச்சைக் கடற்பாசி மூன்றையும் அரைத்துக் கட்டியாக்கி, ஐஸ் பெட்டியில் உறைய வைத்து, தினமும் மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கடற்பஞ்சு கலந்த உறைதீனியும் கடைகளில் உண்டு. ஆர்டீமியா மட்டுமே கொடுத்து ஓட்டினால் மீன் தின்றுகொண்டே மெலியும்.

இன்னொன்றையும் சொன்னார். ரீகலைத்தான் தொட்டியில் முதலில் விட வேண்டும். அது இடம் பிடித்துத் தின்னப் பழகிய பிறகுதான் துடுக்கான மீன்கள். பையன் செய்தது நேர் எதிர்.

“வாங்கும்போது என்ன பாக்கணும்?” என்று கேட்டார் அப்பா.

“மாடு வாங்கினா என்ன பண்ணுவீங்க?”

“பல்லைப் பிடிச்சுப் பாப்பேன். பாலைக் கறந்து காட்டச் சொல்லுவேன்.”

“அதேதான். கடையில உங்க கண்ணு முன்னாடி தின்ன வைக்கச் சொல்லுங்க. தின்னலன்னா பணத்தைக் கொடுக்காதீங்க.”

தொழிலைப் பற்றி அவர் சொன்னதுதான் அப்பாவின் மனதை மாற்றியது. கோமாளி மீன் கல்லில் முட்டை ஒட்டும். தாயும் தகப்பனும் விசிறிக் காக்கும். ஒரு வாரத்தில் பொரிக்கும். தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன் கொடுக்கிற தீனிக்குச் சுலபமாகப் பழகும். இந்தத் தொழில்நுட்பத்தை இந்த நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே கைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏஞ்சல் மீனோ திறந்த தண்ணீரில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். மணல் பொடி அளவு முட்டை, பொரிக்கும் குஞ்சின் வாய் அதைவிட நுணுக்கம். ஹவாயிலும் பாலித் தீவிலும் சிலர் சில இனங்களைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள் என்றாலும், கிராமத்து வீட்டுத் தொட்டியில் நடக்கிற வேலை அல்ல அது. ஆக, ஏஞ்சல் வாங்கி விற்பவர் கடலில் பிடித்ததைக் கைமாற்றுகிறாரே தவிர, வளர்த்து விற்கவில்லை.

வெளியே வந்து இருவரும் பாம்பன் பாலம் தாண்டிச் சின்னப்பாலத்துக்குப் போனார்கள். கரையில் கடற்பாசி காய்ந்துகொண்டிருந்தது. பரமக்குடிக் களத்து மிளகாய் மாதிரியே கிளறி விட்டுக்கொண்டிருந்தார்கள் பெண்கள். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று தனித்தனிக் குவியல். காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி எடுத்தவை. பூங்கா எல்லை எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்கு அன்றாடச் சோற்றுப் பிரச்சினை. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. அதில் நியாயமும் இருக்கிறது.

“மீனுக்கா பாசி?” என்று சிரித்தார் ஓர் அம்மா. “எங்க வீட்டுல பிள்ளைகளுக்கே கஞ்சிப்பாசிதான் கஞ்சி.” பச்சைப் பாசியில் ஒரு கைப்பிடியை இலவசமாகவே கொடுத்தார். மட்டியும் அங்கேயே கிடைத்தது. ஈரச் சாக்கில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

இரண்டாவது மீனை வாங்க மகன் ஐந்து மாதம் காத்திருந்தான். முன்பணம் வாங்கிய கடைக்காரர் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். கற்களில் பச்சையும் ஊதாவுமாகப் பாசி ஏறிய பின்னால், கடையிலேயே இறால் துணுக்கைக் கொத்திக் காட்டிய மீன் வந்தது. நீல மீன்களை அதற்கு முன்பே நண்பனுக்குக் கொடுத்தாயிற்று. கோமாளிகள் வாளியில் காத்திருந்தன.

முதல் மூன்று நாள் பிளந்த மட்டி அப்படியே திரும்ப வந்தது. நாலாம் நாள் மாலை அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லிடுக்கிலிருந்து மஞ்சள் முகம் எட்டிப் பார்த்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. ஓட்டின் ஓரத்தில் ஒரு கொத்து. “அசையாதீங்கப்பா” என்றான் மகன். அப்பா அசையவில்லை. களத்தில் மிளகாய் மூட்டை கட்ட ஆள் வந்து கூப்பிட்டபோதும் எழவில்லை.

இப்போது அதே தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு தொட்டிகளில் கோமாளிக் குஞ்சுகள் வளர்கின்றன, விற்பனைக்கு. ரீகல் விற்பனைக்கு இல்லை. மண்டபம் பக்கம் யார் போனாலும் ஒரு பை மட்டி வாங்கி வரச் சொல்லிவிடுகிறார் அப்பா.