எஞ்சாத படச்சுருள்கள்

அல்பிரட் ஹிட்ச்கொக் முதன்முதலில் நெறிப்படுத்தத் தொடங்கிய படம் 'நம்பர் தேர்ட்டீன்'. 1922இல் இலண்டனில் தொடங்கிய அந்த மௌனப்படம் பணமின்றிப் பாதியில் நின்றது. அதில் நடித்த கிளேர் கிரீட் அம்மையார் சொந்தப் பணத்தைக் கொடுத்தும் பயனில்லை. எடுத்த காட்சிகளும் தொலைந்துபோயின. ஆயினும், ஹிட்ச்கொக் பின்னாளில் பெற்ற பெரும்புகழ், முற்றுப்பெறாத அப்படத்துக்கும் வரலாற்றில் ஓர் இடம் தேடித் தந்தது.

நம்மவர் ஒருவரின் கதையோ நேர்மாறானது. சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வணிகம் செய்த ஆர். நடராஜ முதலியார், ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவு பழகி, மில்லர்ஸ் சாலையில் ஸ்ரூடியோ அமைத்து, 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் அது. சுமார் 6,000 அடி நீளம். 35,000 ரூபா செலவு. படம் முற்றுப்பெற்றது, மக்கள் பார்த்தார்கள், இலாபமும் கிடைத்தது. இன்று ஓர் அடிச் சுருள்கூட எஞ்சவில்லை. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருளைப் பேணுவோர் அன்று இருக்கவில்லை. ஸ்ரூடியோ தீயும் மகனின் இழப்பும் முதலியாரைத் தொழிலிலிருந்தே விலக்கின. 1971 வரை வாழ்ந்த அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் எழுத்தில் பதிந்தவை மட்டுமே.

எழுத்தின் அருமையை நான் சொந்த இழப்பிலும் உணர்ந்திருக்கிறேன். 2004 ஆழிப்பேரலை சல்லிக் கரையில் ஏறியபோது, உறவினர் வீட்டில் வைத்திருந்த என் நெகடிவ் பெட்டியும் போயிற்று. பத்திரிகையில் அச்சான படங்கள் மட்டும் பெயரோடும் திகதியோடும் தப்பின. அச்சேறாதவற்றில் யார் யார் நின்றார்கள் என்பதை நினைவிலிருந்து எழுதி வருகிறேன்.

1962இல் வந்த 'சமுதாயம்' தொடக்கம் ஈழத்தில் உருவான தமிழ்ப்படங்களுக்கும் இதே கதிதான். பலவற்றின் பிரதிகள் கிடைப்பதில்லை. 1983 யூலைத் தீயில் ஸ்ரூடியோவும் எரிந்தது. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை எழுதிவைத்திராவிட்டால் பல பெயர்கள் நமக்கு எட்டியிரா. நூலுக்குள் அடங்காதவை இன்னும் முதியோர் நெஞ்சில் இருக்கின்றன. அப்படங்களில் நடித்தவர்களும் பார்த்தவர்களும் இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்திருக்கக்கூடும்.

சுருளை மீட்க நம்மால் இயலாது. அவர்களிடம் கேட்கலாம்: எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டு, யாரோடு பார்த்தீர்கள்? கேட்டதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள்.