கல்லில் நிற்கிற ஆட்டம்

கருவேப்பிலங்குறிச்சியில் என் நாத்தனார் வீடு. அங்கே போனால் பஸ் ஏறி விருத்தாசலம் போய், பீங்கான் பொம்மையோ நாலு அகல் விளக்கோ வாங்காமல் நான் ஊர் திரும்புவதில்லை. இந்தத் தடவை நாத்தனார் மகளும் கூடவே ஒட்டிக்கொண்டாள். பத்து வயது, பரதம் கற்றுக்கொள்கிறாள். அவளுக்காகவே முதலில் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம்.

கோபுரச் சுவர்களில் 72 நடனச் சிற்பங்கள்! நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள் 108. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 செதுக்கி, மீதிக் கற்களை வெறுமனே விட்டிருக்கிறார்கள். சிதம்பரத்துக் கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பத்தோடு சுலோகமும் உண்டு. சமையல் குறிப்பும் படமும் சேர்த்துப் போடுகிற மாதிரி.

“அத்தை, இந்த அக்கா அடுத்து எந்தக் காலை எடுத்து வைப்பாங்க?” என்றாள் அந்தச் சுட்டி.

நல்ல கேள்வி. கல் அதைச் சொல்லாதே! கரணம் என்பது நிற்கிற நிலை இல்லை. கையும் காலும் உடம்பும் சேர்ந்து செய்கிற அசைவு. சிற்பி அதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்க முடியும். டாக்டர் பத்மா சுப்ரமணியம் சுலோகத்தையும் சிற்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, வழக்கொழிந்து போன கரணங்களை மறுபடி ஆடிக் காட்டினார்.

என் மாமியார் போடும் தேர்க்கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும். போட்டோகூட இருக்கிறது. ஆனால் இழையை எந்தப் புள்ளியில் ஆரம்பிப்பார், எங்கே திருப்புவார்? அது அவரோடு போய்விட்டது. போட்டோவைப் பார்த்து எங்கள் யாருக்கும் வரவில்லை.

மேல்நாட்டு பாலே நடனத்திலும் இதே கவலைதான். ரஷ்யரான ஸ்டெபானோவ் என்பவர் 1892-ல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். அதில் எழுதிய நடன ஏடுகளைப் புரட்சிக்குப் பிறகு செர்கேயெவ் வெளிநாடு கொண்டு போனார். அவற்றை வைத்துத்தான் 1939-ல் லண்டனில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை மேடையேற்றினார்கள்.

பிறகு வந்த பெனேஷ் முறை இன்னும் சுலபம். மனைவி ஜோன் பாலே ஆடுகிறவர். கணவர் ருடால்ஃப் கணக்கர். இருவரும் சேர்ந்து 1956-ல் புத்தகமாகவே போட்டார்கள். சங்கீதத்துக்குப் போடுவது போல ஐந்து கோடு. மேல் கோடு உச்சந்தலை. அப்புறம் தோள், இடுப்பு, முழங்கால். கடைசிக் கோடு தரை. கையும் காலும் எங்கே இருக்கின்றனவோ அங்கே சிறு குறி. அவை போகிற வழிக்கு வளைகோடு. ஆடுபவரைப் பின்னாலிருந்து பார்ப்பதாக எழுதுகிறார்கள். அதனால் இடது இடதாகவே இருக்கும், குழப்பமில்லை. நடனத்தை அமைக்கிறவர் சொல்லிக்கொடுக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இப்படி எழுதுவதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். உங்கள் வீட்டில் பரதம் கற்கும் குழந்தை இருந்தால், அடவின் சொற்கட்டை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே எந்தக் கால் என்பதற்கு ‘வ’ அல்லது ‘இ’. அதற்கும் கீழே கை எங்கே என்று ஒரு வார்த்தை. டீச்சர் ஊரில் இல்லாத வாரத்தில் அந்த நோட்டு கைகொடுக்கும்.