நீண்ட வாக்குச்சீட்டு

தேர்தல் அறிவித்தல் வெளிவந்தால் ஆசிரியர்களாகிய எமக்கு இரண்டு நாள்களுக்கு வேறொரு தொழில் வாய்த்துவிடும். நன்னூலும் குறுந்தொகையும் படிப்பித்த கைகள் அரக்கும் நூலும் முத்திரையும் சுமக்கத் தொடங்கும். 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலின்போது எம்மைக் கிளிநொச்சியில் உட்கிராமப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பினர். முதல்நாள் மாலையே சென்று, பிள்ளைகளின் வாங்குகளைச் சுவரோரம் அடுக்கி, கரும்பலகையில் எவரோ எழுதியிருந்த பெருக்கல் வாய்பாட்டை அழிக்க மனமின்றி அப்படியே விட்டு, அதன் கீழே பாய் விரித்துப் படுத்தோம். மழைக்காலம். நுளம்பு உறங்கவிடவில்லை.

எமக்குக் கிடைத்த பணி வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் கிளிநொச்சியும் அடங்கும். அம்மாவட்டத்துக்கு அவ்வாண்டு கிடைத்த ஆசனங்கள் 6. அவற்றுக்காகக் களமிறங்கிய கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் 44. ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேராக வேட்பாளர் 396. ஆகவே சீட்டு நீண்டு கிடந்தது. மடித்துக் கொடுத்தாலும் விரிந்துகொண்டது. வீடு, திசைகாட்டி, சைக்கிள், வீணை, சங்கு, ஊசி என்று சின்னங்களின் ஊர்வலமாகவே அது தோன்றியது.

காலை பத்து மணியளவில் மூதாட்டி ஒருவர் வந்தார். விரலில் மை பூசப்பட்டபின் எம்மிடம் சீட்டைப் பெற்றார், விரித்தார், மேலிருந்து கீழ்வரை நோக்கினார். பின்னர் மிக மெதுவாக, "சார், இதுல நம்ம ஆளு எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"அதை நாங்கள் சொல்லக் கூடாது அம்மா. அங்கை போய்ப் புள்ளடி போட்டு, மடிச்சுப் பெட்டிக்குள்ளை போடுங்கோ" என்றோம்.

சட்டப்படி அது சரியான விடையே. எவருக்கு வாக்களிப்பது என்பதை நாம் சொல்லலாகாது. ஆயின் எப்படி அடையாளமிடுவது என்பதை விளக்குவதற்கு எத்தடையும் இல்லை. ஒரு கட்சிக்கு அல்லது ஒரு குழுவுக்கு ஒரே ஒரு புள்ளடி. அதன் பின்னர், விரும்பினால், கீழேயுள்ள எண்களுள் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. இதனைச் சொல்ல அரை நிமிடம் போதும். வெளியே வரிசை நீண்டு நின்றது. தலைமை அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாம் அடுத்த சீட்டைக் கிழித்தோம். அவர் மறைவிடத்தில் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் இட்டு, பெட்டியை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

கிளிநொச்சியில் இப்பேச்சு வழக்கைக் கேட்போருக்கு அதன் பின்னுள்ள கதை தெரிந்திருக்கும். மலையகத் தோட்டங்களிலிருந்து 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி வந்து வன்னியிற் குடியேறி, பிறர் வயலிற் கூலிக்கு உழைத்துக் காடு திருத்திய மக்களின் பேச்சு அது. அவர்களுடைய பெற்றோர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. அவர்களுட் பலருக்குக் குடியுரிமை திரும்பக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய அந்தக் கையை இவ்வரலாற்றோடு சேர்த்து வைத்து நாம் எண்ணிப் பார்த்தது அன்றிரவு, பேருந்தில் திரும்பும்போதுதான்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு "மக்களாட்சியின் சிறப்பு" என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தோம். அரைவாசிப் பிள்ளைகள் உத்தரமேரூரில் தொடங்கினர். வழிகாட்டி நூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று பெருமை கொள்வது எமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. குடவோலையிற் பெயர் இடப்படுவதற்குக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்பதையும், அது ஒரு பிராமணச் சபையின் ஏற்பாடு என்பதையும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த நிலத்தை உழுதவனின் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் போனதில்லை.

இதனைச் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அப்ப இப்ப நல்லம்தானே சேர்? ஆரும் நிக்கலாம். 396 பேர் நிண்டவை."

நல்ல கேள்வி. அதற்கு விடையாக, இதே மண்ணில் வேட்பாளரே இல்லாதுபோன தேர்தல் ஒன்றை அவனுக்குச் சொன்னோம்.

1931ஆம் ஆண்டில், டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ், ஆணும் பெண்ணும் படித்தவரும் படியாதவரும் வாக்களிக்கும் முதலாவது பொதுத்தேர்தல் இலங்கையில் நடைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியார்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றமை எமது வரலாற்றிற் பெருமைக்குரிய பக்கமன்று. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசோ வேறொரு காரணத்துக்காகத் தேர்தலைப் புறக்கணிக்கக் கோரியது: டொனமூர்த் திட்டம் முழுமையான சுயராச்சியத்தைத் தரவில்லை. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934ஆம் ஆண்டிலேதான் அவ்விடங்கள் நிரப்பப்பட்டன.

வாலிபர் காங்கிரசை நாம் மதிக்கின்றோம். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் வளர்த்த இயக்கம் அது. தீண்டாமைக்கு எதிராக அக்காலத்திலேயே குரல் கொடுத்தது. ஆயினும் ஒரு வினா எம்மை விட்டு அகலுவதில்லை. வரலாற்றில் முதன்முறையாக வாக்குரிமை பெற்றிருந்த ஒடுக்கப்பட்ட சாதியாரிடமும் கூலிப் பெண்களிடமும் போய், "உங்கள் முதலாவது வாக்கைத் துறக்கச் சம்மதமா?" என்று எவரேனும் கேட்டனரா? படித்த இளைஞரின் உயர்ந்த இலட்சியத்துக்கான விலையை, அதற்கு முன் எதையும் பெற்றிராதவர்களும் சேர்ந்தே செலுத்தினர்.

மாணவன் விடவில்லை. "அது ஒருத்தரும் நிக்காத எலெக்சன் சேர். இது எல்லாரும் நிண்ட எலெக்சன். ரெண்டும் ஒண்டோ?"

கரும்பலகையிற் கணக்கெழுதினோம். தமிழாசிரியன் கணக்கெழுதுவதைக் கண்டு வகுப்புச் சிரித்தது.

செல்லுபடியான வாக்குகள் 325,312. தேசிய மக்கள் சக்திக்கு 80,830, ஆசனம் 3. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63,327, ஆசனம் 1. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, ஆசனம் 1. 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு 27,855, ஆசனம் 1. இருபத்தெண்ணாயிரத்துக்கும் ஓர் ஆசனம், அறுபத்து மூவாயிரத்துக்கும் ஓர் ஆசனமா என்று பிள்ளைகள் திகைத்தனர். எமது கூட்டலிற் பிழை இருக்கும் என்றே பலர் எண்ணினர். கணக்கிற் பிழை இல்லை. மாவட்டத்தில் முதலாவதாக வந்த பட்டியலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும். நூற்றுக்கு ஐந்து வீதம் பெறாத பட்டியல்கள் கழிக்கப்படும். எஞ்சியோரின் வாக்குகளை மீதி 5 ஆசனங்களாற் பிரித்தால் ஏறக்குறைய 48,000. அந்த முழுத் தொகை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசனம். அதன்பின் எவரிடம் மிச்சம் அதிகமோ அவருக்கே எஞ்சிய ஆசனங்கள். தமிழரசுக் கட்சி ஒரு முழுத்தொகையைக் கொடுத்தபின் அதனிடம் மிஞ்சியது பதினையாயிரம் சொச்சம். காங்கிரசின் இருபத்தேழாயிரத்துச் சொச்சமும் முழுமையாக மிச்சமாகவே நின்றது. நாலிலொரு பங்கிலும் சற்றே குறைந்த வாக்கு ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்ற விந்தையும் இவ்வாறு நிகழ்ந்ததே. அந்த வெற்றியால் மகிழ்ந்த நண்பர்கள் எமக்கு உளர். அவர்களுக்கும் இக்கணக்கை நாம் ஒளிக்கவில்லை.

ஐந்து வீத வரம்பைத் தாண்டியவை ஆறு பட்டியல்களே. ஏனைய 38 பட்டியல்களுக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டச் சொன்னோம். 85,000க்கு மேல் வந்தது. எந்த ஆசனத்தையும் தொடமுடியாத வாக்குகள், முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளிலும் அதிகம்!

பிள்ளைகளுக்கு நாம் விரித்துரைக்காத சில காரியங்களும் உள்ளன. 1981ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத்தின்படி சுயேச்சைக் குழுவின் கட்டுப்பணம் வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபா. ஒன்பது பேருக்கு 18,000 ரூபா. அன்று அது பெருந்தொகை, இன்று அன்று. பெரிய கட்சிகளே சில குழுக்களைப் பின்னின்று நிறுத்துவதும், வாக்கெண்ணும் இடத்திற் கூடுதலான முகவர்களை வைத்திருப்பதற்காக அது செய்யப்படுவதும் ஊரறிந்த கதை. 2001 முதல் ஒரே கூட்டமைப்பாக நின்ற தமிழ்க் கட்சிகள் 2023இல் பிரிந்து, மறுதேர்தலில் வெவ்வேறு சின்னங்களின் கீழ் நின்றன. அவற்றின் விஞ்ஞாபனங்களை அருகருகே வைத்து வாசித்தோம். கொள்கையால் ஏற்பட்ட பிரிவை அவற்றிற் கண்டுபிடிப்பதிலும் சங்கப் பாட்டுக்குத் துறை காண்பது எளிது.

பகைமை கட்சிகளுக்கிடையே மட்டும் இருந்ததுமில்லை. 1989ஆம் ஆண்டுத் தேர்தல் தொடக்கம் விருப்பு வாக்கு முறை நடைமுறையில் இருப்பதால், ஒரே பட்டியலின் ஒன்பது பேரும் ஒருவரோடொருவர் பொருதும் நிலை. ஒரே மேடையிற் கைகோத்து நிற்பவர், இறங்கியதும் தம் இலக்கத்தை மட்டும் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைத் தனியே வழங்குவர். இத்தனைக்கும் வாக்குச்சீட்டில் ஒரு வேட்பாளரின் பெயர்கூட இல்லை. 1 முதல் 9 வரையான எண்களே உள்ளன. "நம்ம ஆளு" எங்கே என்று அந்த அம்மா தேடிய தாளில் ஆள் என்று எவருமே இருக்கவில்லை. தெரிவான ஆறு பேரும் ஆண்கள் என்பதையும் ஒரு மாணவியே எழுந்து சொன்னாள், நாம் குறித்திருக்கவில்லை.

கரும்பலகையில் கடைசியாக எழுதிய எண் 32,767. அது நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் தொகை. நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவாக இருந்த விகிதம் இம்மாவட்டத்தில் ஒன்பதைத் தாண்டியது. நிராகரிக்கப்பட்டோர் ஒரு கட்சியாக நின்றிருப்பின் மூன்றாம் இடம் அவர்களுக்கே.

2020ஆம் ஆண்டில் வாக்கெண்ணும் பணியில் இருந்தபோது அத்தகைய சீட்டுகளைக் கண்டிருக்கின்றோம். சிலவற்றில் வசை எழுதப்பட்டிருந்தது. சிலவற்றில் எதுவும் இல்லை. அவற்றை நாம் புரிந்துகொள்ளலாம், அவை கோபங்கள். ஆனால் மிகக் கவனமாக, கோடு வெளியே போகாமல், இரண்டு மூன்று சின்னங்களுக்கு எதிரே இடப்பட்ட புள்ளடிகளும், கட்சியைத் தொடாது எண்களுக்கு மட்டும் இடப்பட்டவையும் இருந்தன. எழுத்துப் பழகாத கை, பிழைவிடக் கூடாதென்று அழுத்தி இட்ட கோடுகள். நாம் முகவர்களுக்குக் காட்டினோம், அவர்கள் தலையசைத்தனர், மறுகட்டில் வைத்தோம்.

2025 தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கிளிநொச்சிச் சந்தையில் அந்த அம்மாவை மீண்டும் கண்டோம். சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார். அவரே எம்மை அடையாளங்கண்டு அழைத்தார்.

"சார், நீங்கதானே அன்னிக்குச் சீட்டுக் குடுத்தது?"

"ஓம் அம்மா."

"மூணு புள்ளடி போடலாம்னு மீட்டிங்குல சொன்னாங்க. நம்மகிட்ட மூணு கட்சிப் புள்ளைங்க வந்து கேட்டுச்சுங்க. யாரு மனசையும் நோக வைக்கக்கூடாதுன்னு ஆளுக்கு ஒண்ணு போட்டேன். செல்லும்ல சார்?"

சந்தை இரைந்துகொண்டிருந்தது. நாம் கீரையைப் பார்த்தோம்.

"செல்லும் அம்மா" என்றோம்.

அவர் சிரித்தார். ஒரு பிடி முளைக்கீரையை எமது பைக்குள் வைத்தார். நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டார்.