பாங்கு கேட்டும் எழாத வாப்பா



எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் இருநூறு அடி தூரம்கூட இராது. சென்னை மண்ணடியில் நெடுங்காலம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பிய என் வாப்பா, பாங்கு முடிவதற்குள் தொப்பியும் கைத்தடியுமாக வாசற்படியில் நிற்பவர். மழைக்காலத்து ஃபஜ்ரிலும் அப்படித்தான். அந்த மனிதர் ஒரு நாள் லுஹருடைய பாங்கைக் கேட்டுக்கொண்டே சாய்வு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையோ என்று எண்ணினேன். மறுநாளும் அப்படியே இருந்தார். அடுத்த மாதம் அதுவே வழக்கமாகிப் போயிற்று.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். வலக்கை நடுக்கமும், காலைத் தேய்த்து நடக்கும் நடையும் கண்டு திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே கேட்டது. நடுக்கம் தணிந்தது, தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடித்தார். ஆகவே, நடக்க முடிந்தவர் நடக்க மறுத்தபோது எங்களுக்கு வந்தது கவலையன்று, கோபம். பேரப்பிள்ளைகள் எதிரில் ஓடினாலும் பார்வை அவர்களைத் தொடரவில்லை. கடை வாடகைக் கணக்கு நோட்டு மூன்று மாதங்களாகத் திறக்கப்படவில்லை. ஒரு நாள் நான் பொறுமை இழந்து, "நீங்க முயற்சியே பண்றதில்ல வாப்பா, சும்மா உட்கார்ந்து பழகிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, வருந்தவும் இல்லை. "ஆமாம்மா" என்றார். அந்த "ஆமாம்மா" இன்றும் என்னைக் குத்துகிறது.

உம்மாவின் துயரம் வேறு வகையானது. தொழுகைக்குச் சோம்பலாக நிற்பவர்களைப் பற்றி சூரத்துந் நிஸாவில் வரும் எச்சரிக்கை அவருக்கு மனப்பாடம். ஐம்பது ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்தவரின் ஈமான் கடைசிக் காலத்தில் தளர்ந்துவிட்டதோ என்ற அச்சம் அவரை இரவில் தூங்கவிடவில்லை. அதை வாய்விட்டு எவரிடமும் சொல்லவும் இல்லை. தஹஜ்ஜுத் தொழுகையில் அழுதுகொண்டிருந்தார். காரணம் எனக்குத் தெரிய வந்தது பல மாதங்கள் கழித்துத்தான்.

முதலில் இது மனச்சோர்வு என்று கருதி ஒரு மாத்திரை தந்தார்கள். ஐந்து மாதங்கள் கொடுத்தோம். ஒரு மாற்றமும் இல்லை; கூடுதலாக மந்தமானார் என்றுகூடச் சொல்வேன். பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் வாப்பாவிடம் கேட்டதைவிட உம்மாவிடம்தான் அதிகம் கேட்டார். அழுகிறாரா? "எனக்கு ஏன் இந்த வாழ்க்கை" என்கிறாரா? தூக்கம், பசி எப்படி? உம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, சரியாகவே இருக்கிறது என்றே பதில் சொன்னார். "நீங்கள் சொன்னால் செய்கிறாரா?" என்றார் அடுத்து. உம்மா சற்று யோசித்து, "கையைப் பிடிச்சு எழுப்பினா வந்துருவாங்க. தானா எழும்ப மாட்டாங்க" என்றார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது மனச்சோர்வு அல்ல, 'அபதி' என்றார். உம்மாவின் காதில் அது 'ஆபத்து' என்று விழுந்து, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாட்டமின்மை என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

மனச்சோர்வு உள்ளவர் துயரப்படுகிறார். நாட்டமின்மை உள்ளவருக்குத் துயரமும் இல்லை. தம்மிடம் ஏதோ குறைகிறது என்ற உணர்வே அவருக்கு வருவதில்லை. ஆகவேதான் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், நோவதெல்லாம் சுற்றியிருப்பவர்களுக்கு. பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு இது உண்டு என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளை வைத்து இந்நோயை முதன்முதலில் விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். நெடுங்காலம் உலகமும் இதைக் கைகால் நோயாகவே பார்த்தது. எங்கள் குடும்பமும் அப்படித்தான் பார்த்தது.

மருத்துவர் ஒரு தாளில் மூளையை வரைந்து காட்டினார். டோபமின் என்னும் வேதிப்பொருள் உடலின் அசைவுக்கு மட்டும் உரியதன்று. அதே பொருள் வேறொரு பாதையிலும் ஓடுகிறது. 'இதைச் செய்தால் நன்மை உண்டு, எழு' என்று மனத்தை உந்துவது அந்தப் பாதை. லெவோடோபா முதல் பாதையைச் சீராக்கினாலும் இரண்டாவதில் எப்போதும் போதிய பலன் தருவதில்லை. "வண்டி ஓடுகிறது, பெட்ரோல் இருக்கிறது, சாவியைத் திருப்பும் கைதான் இல்லை" என்றார்.

அன்றிரவு இதை உம்மாவிடம் மீண்டும் சொன்னேன். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத்தந்த, நாம் நாள்தோறும் ஓதும் துஆ ஒன்றில் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாவல் தேடுகிறோம் அல்லவா? அஜ்ஸ், கஸல் என இரண்டும் தனித்தனிச் சொற்கள். வாப்பாவிடம் இருப்பது இரண்டாவது என்று நாம் எண்ணினோம், அது முதலாவது என்றேன். உம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகுதான் தம் அச்சத்தைச் சொன்னார். ஓர் அடியான் நோயுற்றால், அவன் நலமாக இருந்தபோது செய்துவந்த அமல்களுக்குரிய நன்மை எழுதப்படுகிறது என்ற ஹதீஸை எங்கள் ஊர் ஆலிம் ஒருவர் மறுநாள் நினைவூட்டியபோது, உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிகிச்சைக்கு வருகிறேன். மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊக்க மருந்தைத் தரவில்லை. லெவோடோபாவின் அளவையும் நேரத்தையும் திருத்தினார். தைராய்டு பார்த்தார். மனச்சோர்வு மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். ரிவாஸ்டிக்மின் என்னும் மருந்துப் பட்டையை முதுகில் ஒட்டிப் பார்த்தோம்; தோல் சிவந்து அரித்தது, விட்டுவிட்டோம். அதன் பிறகே மெத்தில்ஃபெனிடேட் பற்றிப் பேசினார். கவனக்குறைவும் மிகுதுறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மருந்து அது. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. நரம்புகளுக்கு இடையே விடப்படும் டோபமினும் நார்அட்ரினலினும் உடனே உறிஞ்சப்படாமல் தடுத்து, அவை சற்று நேரம் கூடுதலாக அங்கே தங்கச் செய்கிறது.

சான்று எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. 2002-இல் ஒரே ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு நாட்டமின்மை குறைந்ததாக ஒரு குறிப்பு வெளியானது. 2012-இல் பிரான்சில், மூளையில் மின்முனை பொருத்தப்பட்ட 69 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. நடையைச் சரிசெய்வதே அதன் முதல் நோக்கம், எனினும் நாட்டமின்மையும் குறைந்தது. கூடவே இதயத் துடிப்பு கூடியது, எடை குறைந்தது. 2021-இல் அமெரிக்காவில் 200 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வும் பலன் காட்டியது. ஆனால் அவர்கள் அல்சைமர் நோயாளிகள், பலனும் சிறிதே. "இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல இது. முயன்று பார்க்கலாம், உறுதி தர முடியாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சாச்சா ஒப்பவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். "காக்காவுக்கு இந்த வயசுல போதை மருந்தா?" என்று வீட்டுக்குள் நுழையும்போதே குரலை உயர்த்தினார். அவர் சொன்ன செய்தி பொய்யன்று. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான், எல்லா மருந்துக்கடைகளிலும் வைத்திருப்பதில்லை, சீட்டு இல்லாமல் தருவதும் இல்லை. தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. மீண்டும் அதே ஆலிமிடம் போனோம். அவர் மருந்தின் பெயரைக் கேட்கவில்லை. "அது புத்தியை மறைக்குதா, தெளிய வைக்குதா? மருத்துவர் அளந்து தர்றாரா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். விடையைக் கேட்டுக்கொண்டு, "நோய்க்கு மருந்து தேடச் சொல்லியிருக்கிறார்களே, பிறகென்ன?" என்றார். சாச்சா அரைமனதாக அடங்கினார்.

மருந்து தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை பல. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும் என்பதால் விரித்து எழுதுகிறேன். இசிஜி எடுத்தார்கள், இரத்த அழுத்தத்தை ஒரு வாரம் குறித்துவரச் சொன்னார்கள், கண்ணழுத்த நோய் உண்டா என்று கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று விசாரித்தார்கள், ஏனெனில் பார்க்கின்சன் நோயில் அது வரக்கூடியது, இம்மருந்து அதைத் தூண்டவும் கூடும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாப்பா ராசாஜிலின் என்ற மாத்திரையும் உட்கொண்டு வந்தார். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குத் தரப்படுவது அது. அதனோடு மெத்தில்ஃபெனிடேட் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடலாம். ஆகவே அதை நிறுத்தி 14 நாட்கள் கழித்தே புதிய மருந்தைத் தொடங்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கேட்டது என்று மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இதில் அது உயிருக்கே கேடு.

காலையில் 5 மில்லிகிராம் என்று தொடங்கினோம். முதல் வாரம் ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் வாரம் நண்பகலிலும் ஒன்று சேர்ந்தது. பதினேழாம் நாள், நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்திலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது: "இன்னைக்கு நெத்திலி வரலையா?"

எவரும் கேட்காத கேள்விக்கு விடையாக அல்லாமல், தாமாக அவர் ஒன்றைக் கேட்டு எத்தனை மாதங்கள் ஆகியிருந்தன என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. உம்மா கையிலிருந்த அகப்பையோடு ஓடி வந்தார். அன்று மதியம் நெத்திலி வாங்க ஆள் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துக் கணக்கு நோட்டைக் கேட்டார். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அதற்கு மறு வெள்ளிக்கிழமை பாங்குக்கு முன்பே சட்டையை எங்கே என்று தேடினார்.

இதை ஓர் அற்புதமாக எழுதிவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அளவை 10 மில்லிகிராமாக உயர்த்தியபோது தூக்கம் கெட்டது; நள்ளிரவில் எழுந்து அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பசி குறைந்து இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இளைத்தார். இரத்த அழுத்தம் சற்று ஏறியது. மருத்துவர் அளவைக் குறைத்தார். நண்பகல் வேளையை முன்னுக்கு நகர்த்தினார். ஐந்தாம் மாதத்தில், உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய, தம் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பத்து நாட்களில் வாப்பா மீண்டும் சாய்வு நாற்காலியோடு ஒன்றிப் போனார். அந்தப் பத்து நாட்கள் எங்களுக்குக் கொடுமையாக இருந்தன. ஆனால் மருந்தின் மீதிருந்த ஐயம் நீங்கியது, சாச்சாவுக்கும்கூட.

மாத்திரை மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "தானாக எழும்பும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களே அந்தச் சாவியாக இருங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே "தொழப் போகலையா?" என்று கேட்பதை நிறுத்தினோம். அந்தக் கேள்விக்கு அவரிடம் "இல்லை" என்ற விடைதான் இருக்கும். என் மூத்த மகன் அஸருக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, "அப்பா, செருப்பு எடுத்து வச்சுட்டேன்" என்று தாத்தாவிடம் சொல்வான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உம்மாவுடைய வாப்பாவை 'அப்பா' என்றுதான் அழைப்பார்கள். செருப்பு வாசலில் இருப்பதைக் கண்டால் வாப்பாவின் கால் தானாக நகர்கிறது. ரமளானில் நோன்பு வைக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை, லெவோடோபா வேளை தவறக்கூடாது என்பதால். ஃபித்யா கொடுத்தோம். கொடுக்கும் நாளன்று எத்தனை ஏழைகளுக்கு எவ்வளவு அரிசி என்று அவரே கணக்குப் போட்டார். கணக்கில் பிழை இல்லை.

ஒன்பது மாதங்கள் ஆகின்றன. ஐந்து வக்தும் ஜமாஅத்துக்குப் போகிறார் என்று சொல்ல மாட்டேன். மதியத்துக்குப் பிறகு மருந்தின் வேகம் குறையும்போது முகம் மீண்டும் வெறுமையாகிவிடுகிறது. நேற்று மஃக்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். மகன் டியூஷன் போயிருந்தான். வாப்பா நாற்காலியில் இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று சொன்ன வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவருக்கு அது நினைவிருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு, கையை நீட்டி, "வாங்க வாப்பா, ஒளு எடுப்போம்" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழாயடிக்குப் போகும் வழியில் நின்று, "நேரமாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா, இப்பத்தான் சொன்னாங்க" என்றேன்.