ஜெயிலுக்குப் போனவனிடம் பாடமா?



ஒரு போராட்டத்தில் சிறை போய்வந்த என் பழைய மாணவன், இப்போது நம்ம இராஜாக்கமங்கலத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். "ஜெயிலுக்குப் போனவன்கிட்ட பிள்ளைய எப்படி அனுப்ப, சார்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த நம்ம ஜீவாவும் பலமுறை சிறை போனவர்தான். பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையைத் தமிழாக்கியதற்காகவும் கைதானார். அவரே 1959இல் 'தாமரை' இதழைத் தொடங்கினார். 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் அமைத்து இளம் எழுத்தாளர்களை வளர்த்தார். இன்று நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

எதற்காகச் சிறை போனான் என்று கேளுங்கள். வந்தபின் என்ன செய்கிறான் என்றும் பாருங்கள். என் பேத்தி திங்கட்கிழமை முதல் அவனிடம்தான் படிக்கப் போகிறாள். உங்க பிள்ளைகளையும் அனுப்புங்க, மக்களே.